நான்காவது மூலை

வெள்ளிக்கிழமை மாலை கச்சிதமாகப் பொருந்தியிருந்த துளைகள் திங்கட்கிழமை காலையில் பொருந்தவில்லை.

பிளைவுட் பலகையில் ஒரு துளை. அதற்கு நேர் பின்னால் படகின் சட்டத்தில் ஒரு துளை. திருகாணியை வைத்தால் இரண்டுக்குள்ளும் தடையில்லாமல் இறங்க வேண்டும். இறங்கியது. நானே விட்டுப் பார்த்து, நானே கழற்றி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். இப்போது அது பலகையைத் தாண்டியதும் மரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த துளை ஒரு நகத்தின் அகலம் கீழே போயிருந்தது.

துளை எப்படி நகரும்? அதை எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது. மரத்தில் இல்லாத இடத்துக்குத்தானே துளை என்று பெயர். ஷெட்டுக்குள் டார்ச்சும் கையுமாக நின்று இதை யோசித்ததில் எனக்குக் கம்பெனி வேன் போய்விட்டது.

முதலில் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். நாற்பது மடிப்புத் துணியை அடுக்கி ஒரே ஓட்டத்தில் வெட்டுகிறவள். நான் ஒரு நூல் பிசகினால் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு தோள் இறங்கிவிடும். அன்றைக்கு ஒவ்வொரு அடுக்கையும் மூன்று முறை அளந்துவிட்டுத்தான் கத்தியை வைத்தேன்.

"என்ன மாஸ்டர், துணிக்கு நாடி பிடிச்சுப் பாக்குறீங்களா?" என்றார் சூப்பர்வைசர். "உயிர் இருக்கா?"

"இருக்கு சார். கொஞ்சம் பதட்டமா இருக்கு."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பதட்டம் யாருக்கு என்று கேட்கவில்லை.

என்னை முதலில் மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தவர் என் கணவர்தான். படகு வேலை தொடங்கிய நாளிலிருந்து நான் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுகிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் அவர் எக்ஸ்ரே எடுப்பவர். பாலத்தை மராமத்துக்காக அடைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் திறக்கும். சுற்றிக்கொண்டு வரும் பஸ்ஸுக்கு ஒரு வழிக்கே இரண்டே முக்கால் மணி நேரம். அதனால் வார நாட்களில் நண்பர் ஒருவரின் அறையில் தங்கிவிடுவார். சனிக்கிழமை மதியம் வருவார், ஞாயிறு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடம் திறக்கிற பருவம் என்பதால் எனக்கோ சனிக்கிழமை இரவு ஏழு வரை வேலை, ஞாயிறும் மூன்று வரை. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் சிவப்பு விளக்கு தெரியும். அந்த விளக்கை நான் பார்த்த நேரம், அவரைப் பார்த்த நேரத்தை விட அதிகம்.

துடுப்புப் போட்டால் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர் அவர்தான். பதினான்கு அடிப் படகு. வரைபடத்தைத் தபாலில் வரவழைத்தார். வீட்டுக்காரம்மாவின் பழைய டாக்ஸி ஷெட் சும்மா கிடந்தது. பெயின்ட் அடிக்கிற நாளில் படகுக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்.

படகைக் கவிழ்த்துப் போட்டுத்தான் பலகை அடிக்க வேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அத்தைக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, அந்த யோசனையே பிடிக்கவில்லை.

"ஊர்ல எல்லாரும் படகைத் தண்ணிலதான் கவுப்பாங்க. என் புள்ள வீட்டுலயே கவுத்து வச்சிருக்கான்."

"அம்மா, அடிப்பக்கம் மேல இருந்தாத்தான் பலகை ஏத்த முடியும்."

"என்னமோ போ. நிமித்துறதுக்கும் ஆள் சேத்து வச்சுக்கோ."

ஏணியைப் படுக்கவைத்து நாலு கால் கொடுத்த மாதிரி ஒரு தாங்கி. அதன்மேல் தலைகீழாக நிற்கும் ஐந்து குறுக்குச் சட்டங்கள். அவர் அவற்றை விலா என்பார். விலாக்களை நீளவாக்கில் இணைக்கும் மெல்லிய ரீப்பர்கள். இந்த எலும்புக்கூட்டின் மேல்தான் ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டை வளைத்து, பசை தடவி, திருகாணி போட வேண்டும். கம்பெனியிலிருந்து பழுப்புக் காகிதம் கொண்டுவந்து, சட்டைக்கு எடுப்பது போல விலாவின் மேல் போர்த்தி நான் பேட்டர்ன் எடுத்தேன். ஒரு பக்கத்துக்கு எடுத்ததைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

இருவரும் சேர்ந்து வேலை செய்ததே இல்லை. வார நாட்களில் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் வெளிச்சம் இருக்கிற வரை நான். சனி, ஞாயிறு அவர். பேச வேண்டியதை மரத்தின் மேலேயே எழுதி வைத்துவிடுவோம். நான் தையல் சாக்பீஸால் எழுதுவேன், அவர் பென்சிலால்.

'மூன்றாவது விலாவை இழைச்சாச்சு. சிலாம்பு இருக்கு, கை பத்திரம்.'

'பார்த்தேன். பசை டப்பாவை மூடவில்லை நீங்கள்.'

'மூடினேன். நீதான் திறந்திருப்பாய்.'

ஒரு திங்கட்கிழமை, விலாவின் உட்பக்கத்தில், குனிந்தால் மட்டுமே தெரிகிற இடத்தில், 'நேத்து நீ தூங்கிட்டே, எழுப்பலை' என்று இருந்தது. அதன்மேல் கைபடாமல்தான் இன்றுவரை வேலை செய்கிறேன்.

ஆஸ்பத்திரியில் குடும்பக் குவார்ட்டர்ஸ் ஒன்று காலியானபோதுதான் எல்லாவற்றுக்கும் ஒரு தேதி வந்தது. இரண்டு அறை, தண்ணீர் வசதி உண்டு. வேண்டுமா வேண்டாமா என்று மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"அந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பலகை ஏறிட்டா மிச்சம் ஒரு வாரத்து வேலைதான். வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுறேன்" என்றார். "ஏறலேன்னா, நீங்க ரெண்டு பேரும் அங்க வந்துட வேண்டியதுதான்."

"அங்க எனக்கு என்ன வேலை இருக்கு?"

"தலையணை உறை தைக்கிற கடை ஒண்ணு இருக்கு."

"தலையணைக்குத் தோளே கிடையாதுங்க."

அத்தை ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "என் முட்டிக்கு இந்த வீட்டுப் படிதான் பழக்கம். நான் எங்கயும் வரலை." ஆக, பலகை ஏறாவிட்டால் அவர் அங்கே, நாங்கள் இங்கே. பாலம் திறந்தாலும் அதுவே பழக்கமாகிவிடும் என்று எனக்குப் பயம்.

இந்த நிலையில்தான் துளைகள் நகர ஆரம்பித்தன.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தாங்கி கோணலாக இருந்தது எனக்கு முன்பே தெரியும். எதிர்வீட்டில் கட்டட வேலை நடக்கிறது. மேஸ்திரியிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கி ஒவ்வொரு விலாவின் மேலும் வைத்துப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்க வேண்டும். முன்பக்க விலாக்களில் நின்றது. பின்னால் போகப் போக ஒரு பக்கமாக ஓடியது. சுவரோரத்து மூலையில் இருக்கும் கால் மட்டும் இறக்கம். முறுக்கிய துணியை வெட்டினால் சட்டை உடம்பைச் சுற்றிக்கொண்டு போகும். படகும் அப்படித்தானே. ரீப்பர்த் துண்டு ஒன்றை ஆப்பு மாதிரி சீவி அந்தக் காலுக்கு அடியில் சொருகினேன். குமிழி நடுவுக்கு வந்து நின்றது.

அவரிடம் சொல்லவில்லை. அவர் கையால் செய்த முதல் பொருள் அந்தத் தாங்கி. நாலு காலையும் டேப் வைத்து அளந்து அளந்து, போட்டோ எடுத்து ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அனுப்பியவர். அவரிடம் போய், உங்கள் தாங்கி ஒரு மூலையில் இறக்கம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஓர் ஆப்புதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

துளை நகர்ந்த திங்கட்கிழமை குனிந்து பார்த்தால் ஆப்பைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் சமையலறை ஜன்னல் இடுக்கில் சொருகியிருந்தது.

"அத்தை, இந்தக் கட்டையை நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா. ஜன்னல் காத்துல டப்பு டப்புன்னு அடிச்சுக்குது. பெஞ்சு மேல சும்மாதான கிடந்தது?"

"பெஞ்சு மேலயா? படகுக்குக் கீழ இல்லையா?"

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு உன் படகுக்குக் கீழ போய் நான் என்ன செய்யப் போறேன், கண்ணாமூச்சி ஆடவா?"

நான் நம்பவில்லை. ஜன்னல் ஆப்பை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று சீவினேன். பலகையைத் தூக்கிப் பிடித்து, பொருந்திய இடத்தில் புதுத் துளைகள் போட்டேன். அடுத்த திங்கட்கிழமை அவையும் பொருந்தவில்லை. ஆப்பு இல்லை. குளியலறைக் கதவு அடித்துக்கொள்வது நின்றிருந்தது. அதற்கு அடுத்த வாரம் மாடிப்படிக் கதவு. படகு கோணலாகக் கோணலாக வீடு அமைதியாகிக்கொண்டே வந்தது.

இதற்கிடையில் அவருடைய பென்சில் எழுத்து: 'மாஸ்டர், துளை ஏன் ரெண்டு ரெண்டா இருக்கு?'

'எனக்கும் அதே சந்தேகம்' என்று எழுதினேன்.

'பரவாயில்லை, நான் சரி பண்ணிட்டேன்' என்று பதில் வந்தது. என்னத்தைச் சரி பண்ணினார்? நான் போட்ட துளைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை முளைத்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தால் தலை சுற்றியது. எது என்னுடையது, எது அவருடையது, எது போன வாரத்தினுடையது? ஒரு நாள் மாலை ஷெட்டின் வாசலில் உட்கார்ந்து, வீடே ஆற்றைப் பார்த்து மெதுவாக நகர்கிறதோ என்று யோசித்தேன். அல்லது நாங்கள் இல்லாத நேரத்தில் படகு புரண்டு படுக்கிறதா? இப்படி யோசிப்பதை யாரிடமாவது சொன்னால் என்னைத்தான் அக்கரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பார்கள். சுற்றிப் போகிற பஸ்ஸில்.

கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு போட்டேன். பசை தடவிவிட்டால் அரை மணி நேரத்துக்குள் பலகையை ஏற்றித் திருகாணி போட்டாக வேண்டும். அதற்கு நாலு கை வேண்டும். வெள்ளிக்கிழமையே புது ஆப்பு வைத்து, கடைசி முறையாகத் துளைகளைச் சரிபார்த்து, பொருந்திய ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிட்டேன். உபரியாக ஓர் ஆப்பைச் சீவி இடுப்பில் சொருகிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அத்தையை நினைத்துத்தான் இருக்க வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஷெட் கதவைத் திறந்து வைத்தோம். அவர் ஒரு பிளாஸ்டிக் மக்கில் பசையின் இரண்டு பாகத்தையும் அளந்து ஊற்றிக் கலக்கினார். நான் விலாக்களிலும் ரீப்பர்களிலும் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனேன். பிறகு பலகையைத் தூக்கினோம். அவர் முன்னால், நான் பின்னால். பதினான்கு அடி மரம் எங்கள் நடுவில் மீன் மாதிரி நெளிந்தது.

"இறக்கு... இறக்கு... அங்கதான். பிடிச்சுக்கோ" என்றார். "என் பக்கம் விழுந்துடுச்சு. உன் பக்கம்?"

"விழலை."

"தள்ளிப் பாரு."

"தள்ளுறேன். விழலைங்க."

வட்டமிட்ட துளைகளில் ஒன்றில்கூடத் திருகாணி இறங்கவில்லை. குனிந்தேன். சுவரோரத்துக் காலுக்கு அடியில் எதுவும் இல்லை. சனிக்கிழமை முழுக்க அத்தை கீழேயே இறங்கவில்லை. முட்டி வலி என்று படுத்தே இருந்ததாக என் கணவரே இரவு சொல்லியிருந்தார்.

"ஒரு நிமிஷம் பலகையைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே நுழைந்து இடுப்பிலிருந்த ஆப்பைச் சொருகினேன்.

"என்ன பண்றே அங்க?"

"கட்டை வைக்கிறேன்."

அவர் பலகையை விடாமல் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கட்டையை வேணும்னுதான் வைக்கிறியா?"

நான் வெளியே வந்தேன். "எடுக்கிறது நீங்களா?"

"வாரா வாரம் வந்ததும் முதல் வேலையே அதுதான். எடுத்து பெஞ்சு மேல வச்சுட்டு, நாலு காலையும் தரையிலேர்ந்து டேப் வச்சு அளப்பேன். சரியா இருக்கும். அடுத்த வாரம் வந்தா மறுபடியும் ஒரு கட்டை."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"ஏதோ கால் ஆடுதுன்னு வச்சிருப்பே, அதைப் போய்ப் பெருசு பண்ணுவானேன்னு இருந்தேன். ஒரு வாரம், ரெண்டு வாரம். அப்புறம்..." என்று நிறுத்தினார்.

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்லை."

 நாலு வாரமாக நான் நேராக்கி வைத்ததை இவர் கோணலாக்கிவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். "இங்க வர இஷ்டம் இல்லேன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே" என்றேன். "படகைக் கோணலாக்கித்தான் சொல்லணுமா?"

"நானா?" பலகையை மார்பால் தாங்கிக்கொண்டே கத்தினார். "நான் நேராக்கி வச்சுட்டுப் போறேன், நீ திரும்பத் திரும்பக் கோணலாக்குறே. நான் தினமும் வீட்டுக்கு வந்தா உனக்கு இடைஞ்சலோன்னு நான் அங்க உக்காந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன்!"

"அப்புறம்னு சொன்னது அதைத்தானா?"

"அதைத்தான்."

 யார் மேல் கோபப்பட வேண்டும் என்று இருவருக்கும் தெரியவில்லை. ஏதோ தீய்ந்த நாற்றம் வந்தது.

"மக் புகையுதுங்க!"

மிச்சப் பசையை மக்கிலேயே குவியலாக விட்டுவைத்திருந்தோம். அது தானாகவே சூடேறி, நுரைத்து, வெள்ளையாகப் புகைந்தது. மக்கின் ஓரம் இளகித் தொங்கியது. தீ பிடித்துவிடும் என்று நினைத்தேன். கை கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி அப்படியே அதன்மேல் ஊற்றினேன்.

மக் உருண்டது. தண்ணீர் ஷெட்டின் நடுவில் வட்டமாகப் பரவியது. ஒரு கணம் எங்கே போவது என்று தெரியாமல் நின்ற மாதிரி இருந்தது. பிறகு மொத்தமும் சேர்ந்து ஒரே திசையில் கிளம்பியது. மரத்தூளைச் சுருட்டிக்கொண்டு, தாங்கியின் அடியில் புகுந்து, சுவரோரத்து மூலையை நோக்கி ஓடியது. அங்கே குவிந்து கிடந்த தூள் மிதந்து விலகியதும் துருப்பிடித்த சல்லடை மூடி ஒன்று தெரிந்தது. கடகடவென்று தண்ணீர் உள்ளே இறங்கியது.

இருவரும் அந்தச் சத்தம் அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டாக்ஸி கழுவுன ஷெட்" என்றார் அவர் மெதுவாக.

"தண்ணி போறதுக்கு அந்த மூலையை இறக்கிக் கட்டியிருக்காங்க."

"நான் தரையிலேர்ந்து அளந்தேன். நாலு காலும் ஒரே உயரம்."

"ஒரே உயரம்தான். தரைதான் ஒரே உயரம் இல்லை."

"ஆள் கோணலா படுத்திருந்தா எலும்பு கோணலாத்தான் தெரியும்னு தினம் பத்துப் பேர்கிட்ட சொல்றேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். நெற்றியில் பசை ஒட்டிக்கொண்டது.

சிரிப்பு வரவில்லை. நாலு வாரம் இரண்டு பேரும் சரியாகவே அளந்து, சரியாகவே கெடுத்திருக்கிறோம். இதில் தப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று யோசித்தேன். யோசிக்க நேரமில்லை. விலாவில் தடவிய பசை நூல் விட ஆரம்பித்திருந்தது.

"யார் துளையில போடறது?" என்றார்.

"தண்ணி யார் பக்கம் ஓடுச்சோ அவங்க துளையில."

இந்த முறை பசையை அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, பெஞ்சு மேல் கிடந்த வெள்ளிக்கிழமை ஆப்பாலேயே கலக்கினார். குவித்து வைத்தால்தானே சூடு. நான் ஆப்பைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி ரசமட்டத்தை வைத்துக் காட்டினேன். குமிழியை அவர் முதல் முறையாகப் பார்த்தார். முன்பக்கம் அவருடைய துளைகள் நாலைந்து இனிமேல் உதவாது என்று அடையாளம் வைத்துவிட்டு, பலகையை மறுபடி தூக்கிப் பதித்தோம். என் பக்கம் முதல் திருகாணி இறங்கியது. இரண்டாவது இறங்கியது. பிளைவுட் விலாவோடு ஒட்டிக்கொள்ளும்போது லேசாக முனகியது. நாற்பத்தாறு திருகாணி. கடைசியில் விரல் மடங்கவில்லை.

மதியத்துக்குள் மறுபக்கத்துப் பலகை, சாப்பிட்டுவிட்டு வந்து அடிப்பக்கம் இரண்டும். மூன்றரை மணிக்கு அது படகாகியிருந்தது. பலகை முழுக்க வெற்றுத் துளைகள், காஜா எடுத்துவிட்டுப் பொத்தான் தைக்க மறந்த சட்டை போல. அத்தனையையும் மரத்தூளும் பசையும் குழைத்த மக்கு வைத்து அடைக்க வேண்டும்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து குவார்ட்டர்ஸ் படிவத்தை எடுத்தார். படகின் மேலேயே வைத்து எழுதினார். 'தேவையில்லை' என்பதில் பாதி வரும்போது பேனா காகிதத்தைக் குத்திக்கொண்டு உள்ளே போனது. அடியில் ஒரு வெற்றுத் துளை.

"என் துளையா, உன் துளையா?" என்றார்.

"தெரியலை." நான் படிவத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். "நிஜமாவே அப்படி நினைச்சீங்களா? எனக்கு இடைஞ்சல்னு?"

"கொஞ்சம். நீ?"

"நானும் கொஞ்சம்தான்."

அந்தக் கொஞ்சம் எங்கே போய்ச் சேரும் என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீர் மாதிரி ஒரு மூலை பார்த்து இறங்கிவிடுமா? அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஓட்டை விழுந்த படிவத்தில் மீதி எழுத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நெற்றியில் பசை காய்ந்து பளபளத்தது.

மாடியிலிருந்து அத்தை கூப்பிட்டார். "ஏம்மா, ஹால் ஜன்னல் ஒண்ணு பாக்கி இருக்கு. அதுவும் அடிச்சுக்குது. இந்த வாரக் கட்டையை இன்னும் பெஞ்சு மேல வைக்கலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தாங்கியின் காலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"அம்மா, இதை மட்டும் தொடாதம்மா. இது இருந்தாத்தான் நான் வீட்டுக்கு வர முடியும்."

"அப்ப ஜன்னலுக்கு?"

பெஞ்சின் அடியில் ரீப்பர்த் துண்டு ஒன்று கிடந்தது. பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதையும் கத்தியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சீவுவதற்கு அவர் கத்தியை வைத்த கோணம் தப்பு. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி தயங்கிவிட்டு, சொன்னேன்.